எங்கள் ஜோனுக்குள் வராத பந்து

கூடைப்பந்து என்ற விளையாட்டு தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, ஓர் ஆட்டத்தை ஒன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் ஜெயித்த அணி பூமியில் ஒன்றுதான் உண்டு. அந்த அணியின் சராசரி வயது அறுபத்தேழு. மூன்று பேருக்கு முழங்கால் பெல்ட், ஒருவருக்குப் புதுசாக வைத்த கண் லென்ஸ். அதன் நடுநாயகமாக நின்றவன் அடியேன். எதிரணியின் சராசரி வயது இருபத்தெட்டு. அதில் ஒருவன் நான் பெற்ற மகன். ஆட்டம் முழுவதும் நான் எடுத்து வைத்த அடிகள், மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் சாட்சியாக, நாற்பத்தொன்று. அதில் முப்பது தண்ணீர் குடிக்கப் போய் வந்தது.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்பாதவர்களை நான் மதிக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் நாங்களும் யாரையும் நம்பியதில்லை.

அது எந்த அலுவலகம் என்று மட்டும் கேட்காதீர்கள். அதை வெளியிடும் அதிகாரம் எனக்கு வழங்கப்படவில்லை. செகந்திராபாத்தில் ஒரு மூன்றாவது மாடி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மக்கள் கொண்டுவரும் காகிதங்களில் உள்ள பிழைகளைத் திருத்திக் கொடுப்பது அதன் நோக்கம். நான் ஓய்வு பெறும் நாள்வரை அது நோக்கமாகவே இருந்தது.

அந்த மாடியில் முப்பத்து நாலு வருஷம் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்த நாங்கள் ஐந்து பேர் ஒன்றாக மனுப் போட்டு, கொண்டாப்பூரில் 'சஃபையர் சரோவர் ஃபேஸ் டூ' என்னும் வளாகத்தில் வீடு வாங்கினோம். ஃபேஸ் ஒன்று எங்கே இருக்கிறது என்று இதுவரை தகவல் இல்லை. ஐவரில் முதல்வர் 'விசாரணை' சீட் உமாசங்கர். அடுத்து டெஸ்பாட்ச், அதாவது தபால் அனுப்பும் சீட், மைதிலி மேடம். பிறகு ரெக்கார்டு ரூம் சீட்டில் முப்பத்து நாலு வருஷமும் அருகருகே உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாத இருவர்; அவர்களுக்குப் பெயர் உண்டு, யாரும் கூப்பிட்டதில்லை, ஆகவே ரெ.ரூ. ஒன்று, ரெ.ரூ. இரண்டு. ஐந்தாவது, கண்காணிப்பாளர் ராஜகோபால் ஆகிய நான்.

வளாகத்தில் ஒரு கூடைப்பந்து மைதானம் உண்டு. காலை ஐந்தரைக்கு அதில் ஆக்னஸ் டீச்சர் பதினெட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார். அவர் லாலாகூடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், இப்போது எங்கள் ஏழாவது பிளாக். பிள்ளைகளில் பாதிப் பேர் வளாகத்துக் குழந்தைகள். பாதிப் பேர் வளாகத்தில் வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் குழந்தைகள். அடுத்த மாதம் மாவட்ட அணிக்குத் தேர்வு. ஆறு பேராவது தேறுவார்கள் என்பது டீச்சரின் கணிப்பு.

இந்த நிலையில்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராகவேந்திரா 'பிக்கிள்பால்' என்ற மகத்தான இயக்கத்தை எங்களிடையே கொண்டுவந்தார். டென்னிஸ் ஆடத் தெரியாதவர்களும் பிங்பாங் ஆட நேரமில்லாதவர்களும் ஒன்றுகூடி, ஆடிவிட்டதாகப் போட்டோ எடுத்துக்கொள்ள வசதியாக அமைந்த உன்னத விளையாட்டு அது. கூடைப்பந்து மைதானத்தை அழித்தால் இரண்டு பிக்கிள்பால் மைதானம் வரும். ஒன்றை அழித்து இரண்டு தருகிறவரை நாம் என்னவென்று குறை சொல்ல முடியும்?

பொதுக்குழு கூடியது. ராகவேந்திரா ஒரு ஐ.டி. கம்பெனியில் பெரிய மேனேஜர். ஓசூர்க்காரர் என்பதால் எங்களோடு தமிழில்தான் பேசுவார். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"டேட்டாவைப் பாருங்க. இந்த கோர்ட்டோட யூட்டிலைசேஷன் ரெண்டு பர்சன்ட்தான்."

"தினம் காலையில பதினெட்டுப் பொண்ணுங்க ஆடுதே சார், அது எதுல வருது?" என்றார் ஆக்னஸ் டீச்சர்.

"ஆப்ல புக் பண்ணலையே மேடம். ஆப்ல இல்லாதது நடக்கல."

"புக் பண்ணலாம்னு பார்த்தா மைனர்னு சொல்லுது. வெளிப் பிள்ளைங்களுக்கு உள்ளயே விட மாட்டேங்குது."

"அதான் சிஸ்டம் மேடம். அடல்ட் ரெசிடென்ட்ஸ் டீம் ஒண்ணு இருந்தாத்தான் கோர்ட் ஆக்டிவ்."

அந்தத் தர்க்கத்தின் அழகில் நான் ஒரு நிமிஷம் சொக்கிப்போனேன். எங்கள் காலத்தில் இதைச் சொல்லி முடிக்க மூன்று கடிதம் தேவைப்பட்டது.

அப்போது உமாசங்கர் எழுந்தார். சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தை முழுவதும் படித்த ஒரே மனிதர் அவர். "விதி பதினாலு, உட்பிரிவு ஆ. ஒரு வசதியைப் பயன்படுத்துவதில் இரு தரப்பாருக்கிடையே தகராறு எழுந்தால், அதை அந்த வசதியிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்."

அது நீச்சல் குளத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் விதி விதிதான்.

"யாரு அங்கிள் தரப்பு? நீங்களா?" என்று ராகவேந்திரா சிரித்தார்.

"நாங்கதான். அஞ்சு பேர் இருக்கோம், அடல்ட், ரெசிடென்ட்."

"ஓகே. மேட்ச். நீங்க ஜெயிச்சா கோர்ட் அப்படியே இருக்கட்டும். ஆனா இன்டர்நேஷனல் ரூல்ஸ். இருபத்து நாலு செகண்ட் கிளாக் எல்லாம் உண்டு."

பந்து கையில் உள்ள அணி இருபத்து நாலு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும்; இல்லையென்றால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். கிழடுகளை மூச்சு வாங்க வைப்பதற்காக அவர் கேட்டு வாங்கிய விதி இது.

நடுவராக வந்தவர் சின்னசாமி. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலனி ஆட்டங்களில் நாற்பது வருஷம் விசில் ஊதியவர். ஆக்னஸ் டீச்சர் சொல்லித்தான் வந்தார் என்றாலும், யாருக்காகவும் ஒரு பாயிண்ட் கூட்டிப் போட மாட்டார் என்று லாலாகூடா முழுக்கப் பேர் உண்டு. எங்கள் முதல் நாள் பயிற்சியைப் பத்து நிமிஷம் பார்த்தார்.

"நக்கோ, வேணாம் ஆக்னஸம்மா. இவங்க ஜெயிக்கறதா? நின்னாலே மூச்சு வாங்குது. மைதானத்தைக் கேட்டவங்களுக்கே குடுத்துட்டு மரியாதையா வந்துரு."

"ஹவ், ஆமா, தெரியும்ணா. வேற யாரு இருக்காங்க எனக்கு?"

டீச்சர் கரித்துண்டால் தரையில் படம் போட்டார். "ஆளுக்கு ஆள் துரத்திப் பிடிக்கறது உங்களால ஆகாது சார். ஜோன் டிஃபென்ஸ் ஆடலாம். முன்னால ரெண்டு பேர், பின்னால மூணு பேர். ஆளைப் பார்க்கக் கூடாது, இடத்தைத்தான் பார்க்கணும். அவன் உங்க இடத்துக்குள்ள வந்தா மட்டும்தான் உங்க வேலை. அந்தப் பக்கம் போயிட்டான்னா விட்ருங்க, அடுத்தவங்க பார்த்துப்பாங்க."

நாங்கள் ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மைதிலி மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆளைப் பார்க்கக் கூடாது. நம் இடத்துக்குள் வந்தால் மட்டும்தான் நம் வேலை. தாண்டிப் போனால் அடுத்தவர் பொறுப்பு. இதற்கு வெளிநாட்டில் கோப்பை கொடுக்கிறார்களாம். நாங்கள் இதை முப்பத்து நாலு வருஷம், வருடாந்திர உயர்வோடு ஆடியிருக்கிறோம்.

ஆனால் எந்த உயர்ந்த கொள்கையும் நடைமுறையில் ஒரு சோதனையைச் சந்திக்கும். டீச்சர் ஒரு பந்தை உருட்டிவிட்டார். அது உமாசங்கரின் இடத்துக்கும் மைதிலி மேடத்தின் இடத்துக்கும் நடுவே போய் நின்றது. இருவரும் அதைக் கருணையோடு பார்த்தார்கள்.

"மேடம், உங்க பக்கம் வந்திருக்கு."

"முக்கால்வாசி உங்க பக்கம் சார்."

"கைக்கு சார் பார்த்துக்கிட்டே நிக்கறீங்க? யாராவது எடுங்க," என்றார் டீச்சர். லாலாகூடா தமிழில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'.

"இன்னிக்கு எடுத்தா நாளைக்கு எல்லாப் பந்தும் என் தலையிலதான் விழும்," என்றார் உமாசங்கர்.

டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் வேலை பார்த்த ஸ்கூல்ல கிரவுண்டை எடுத்துக் கட்டடம் கட்டிட்டாங்க சார். இதையும் விட்டா ஆடறதுக்கு வேற இடமே கிடையாது. இந்த ஞாயித்துக்கிழமையோட பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பிற வேண்டியதுதான்." அவர் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குப் பழக்கம்; அழுதவர்களை மூன்றாவது மாடியில் நிறையப் பார்த்திருக்கிறோம். அவர் சும்மா இருந்ததுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது. அன்று மாலையே ஒரு சுற்றறிக்கை தயாரித்து ஐவருக்கும் கையெழுத்து வாங்கிச் சுற்றுக்கு விட்டேன். அதன் சாரம்: ஜோன்களின் எல்லை சுண்ணாம்பால் குறிக்கப்படும், கோட்டின் மேல் நிற்கும் பந்து இரு ஜோன்களுக்கும் பொதுவானது, ஆகவே யாருக்கும் உரியதல்ல, அதை எதிரணி எடுத்துக்கொள்வதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் எடுத்துக்கொண்டு உள்ளே வருபவர் உரிய வழியாக வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. பத்து நிமிஷம் வீதம் இரண்டு பாதி. ராகவேந்திராவின் அணி 'ஏஜைல் ஈகிள்ஸ்' என்று முதுகில் எழுதிய ஊதா பனியனில் இறங்கியது. என் மகன் ஷ்யாமும் அதில் இருந்தான். நாங்கள் வாக்கிங் போகும் தொப்பியோடு நின்றோம். முன்வரிசையில் உமாசங்கரும் மைதிலி மேடமும். பின்வரிசையில் கூடைக்கு இருபுறமும் ரெக்கார்டு ரூம், நடுவில் நான். மைதானத்தின் ஓரத்தில் பதினெட்டுப் பெண்பிள்ளைகள் சத்தமில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

விசில் ஊதிற்று. ராகவேந்திரா பந்தைத் தட்டிக்கொண்டு புயல்போல் வந்தார். உமாசங்கர் டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கைகளையும் உயர்த்தினார். முகத்தைச் சற்றே சாய்த்தார். கேட்டார்:

"என்ன விஷயமா வந்தீங்க?"

ராகவேந்திரா நின்றுவிட்டார். அது அவர் குற்றமில்லை. இந்த நாட்டில் பிறந்த எவனும் அந்தக் குரலுக்கு நின்றுதான் ஆக வேண்டும்.

"பாஸ்கெட் போடணும் அங்கிள்."

"அது இங்க இல்ல. அந்த சீட்ல கேளுங்க."

அவர் பந்தை ஷ்யாமிடம் எறிந்தார். ஷ்யாம் மைதிலி மேடத்தின் இடத்துக்குள் நுழைந்தான். மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இது எங்கேருந்து வருது?"

"உமாசங்கர் அங்கிள் பக்கத்துலேருந்து ஆன்ட்டி."

"அவர் பார்த்துட்டாரா?"

"பார்த்தாரு."

"பார்த்துட்டார்னா எதுக்கு இங்க அனுப்பினார்? முதல்ல அங்க போய்க் கேட்டுட்டு வா."

அவன் பந்தைத் திருப்பி எறிந்தான். இருபத்து நாலு விநாடி முடிந்தது. விசில். பந்து எங்களுக்கு. சின்னசாமி விசிலை வாயிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

ஜோன் டிஃபென்ஸின் தத்துவம் இதுதான். வந்தவனை நாம் தடுப்பதில்லை. அடித்து விரட்டுவதுமில்லை. மரியாதையாகப் பக்கத்து இடத்தைக் காட்டுகிறோம். பந்து வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் தானே சுற்றிக்கொண்டிருக்கும். கடிகாரம் நம் பக்கம். ஒரு மனிதனை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இருபத்து நாலு விநாடி எம்மாத்திரம்?

சில சமயம் ஒருவன் இரண்டு ஜோனையும் தாண்டிக் கூடைக்கு அடியில் வந்துவிடுவான். அங்கே நான்.

"அப்பா, நகருங்கப்பா."

"நான் நகர்ந்தா யாரு பொறுப்பு?"

"ஒரே ஒரு ஷாட்ப்பா."

"எல்லாரும் ஒரே ஒண்ணுன்னுதான் சொல்றாங்க. இவங்க ரெண்டு பேரையும் கேட்டுக்கோ."

அவன் ரெ.ரூ. ஒன்றைப் பார்த்தான். அவர் ரெ.ரூ. இரண்டைப் பார்த்தார். ரெ.ரூ. இரண்டு, கூரை இல்லாத வானத்தைப் பார்த்தார். தாக்கும் அணியில் எவனும் கூடைக்கு அடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பதும் இன்டர்நேஷனல் விதிதான். விசில்.

தூரத்திலிருந்து எறியக் கூடாதா என்று கேட்பீர்கள். எறிந்தார்கள். பத்தொன்பது தடவை. ஆனால் இரண்டு வளையமும் எட்டு மாதமாக, மேலதிகாரியைக் கண்டவன்போல் முன்பக்கம் குனிந்திருந்தன. வேகமாக வந்த பந்தெல்லாம் தட்டித் தெறித்தது. வளையத்தை நிமிர்த்தச் சொல்லி டீச்சர் ஆப்பில் எழுதிய புகார் செயலாளர் ராகவேந்திராவின் பார்வையில் 'இன் ப்ராக்ரஸ்' என்ற நிலையில் இருந்தது. அந்த இளைஞருக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்று எனக்கு அப்போதே தோன்றியது.

பந்து எங்கள் கைக்கு வந்தபோது? எட்டு விநாடிக்குள் அதை நடுக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். ரெ.ரூ. ஒன்று வாங்கி இரண்டிடம் கொடுத்தார். இரண்டு அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றிடம் கொடுத்தார். ரெக்கார்டு ரூமிலிருந்து எட்டு விநாடியில் ஏதாவது வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. விசில்.

இடைவேளையில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். டீச்சர் ஓடி வந்தார். "சார், இது கூடைப்பந்தே இல்ல. ஆனா விட்றாதீங்க."

இரண்டாம் பாதி முடிய நாற்பது விநாடி இருக்கும். ராகவேந்திரா பந்தோடு உமாசங்கரிடம் போய், மைதிலி மேடத்திடம் போய், மறுபடி உமாசங்கரிடம் அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. பந்தை இடுக்கிக்கொண்டு நின்றார்.

"நான் இதை எஸ்கலேட் பண்றேன். இங்க யாரு மேனேஜர்?"

நான் கையைத் தூக்கினேன். "நான்தான். லஞ்ச் முடிஞ்சு வாங்க."

"மணி அஞ்சே முக்கால்," என்று கத்தி, பந்தைத் தரையில் ஓங்கி அடித்தார். அது இரண்டாவது மாடி பால்கனிவரை போய்த் திரும்பியது. சின்னசாமி நீளமாக விசில் ஊதினார். ஒழுங்கீனம், எங்களுக்கு ஒரு 'ஃப்ரீ த்ரோ'. அதாவது யாரும் குறுக்கே வராமல் கூடையை நோக்கி ஒரே ஒரு எறி. விழுந்தால் ஒரு பாயிண்ட்.

இங்கேதான் நிர்வாகச் சிக்கல் எழுந்தது. எறிய வேண்டிய கோடு மைதானத்தின் மறுகோடியில். அது எவருடைய ஜோனிலும் இல்லை. துணைக்குழு ஒன்று அமைக்கலாம் என்று முன்மொழிந்தேன்.

"அஞ்சு செகண்டுக்குள்ள எறியணும்," என்றார் சின்னசாமி.

"யாராவது போடுங்க சார்," என்று டீச்சர் கோட்டுக்கு வெளியிலிருந்து சொன்னார். "பிள்ளைங்க பார்த்துக்கிட்டு இருக்குதுங்க."

மைதிலி மேடம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "வெளிய அனுப்பறது டெஸ்பாட்ச் வேலை. தள்ளுங்க." எங்கள் ஐவரில் பணிக்காலத்தில் எதையாவது வெளியே அனுப்பியவர் அவர் ஒருவர்தான். பந்தைப் பார்சல்போல் இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலுக்கு நடுவிலிருந்து மெதுவாக மேலே தூக்கிப் போட்டார். அது அவசரமில்லாமல் ஏறி, குனிந்திருந்த வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு சுற்று யோசித்து, உள்ளே விழுந்தது.

மிச்சம் இருபது விநாடி. பந்து அவர்களுக்கு. உமாசங்கர், மைதிலி மேடம், உமாசங்கர், மைதிலி மேடம். முடிந்தது.

அரை மணி கழித்து கிளப் ஹவுஸில் கூட்டம். ராகவேந்திரா தலைமுடியைச் சீவிக்கொண்டு, மேனேஜராக மாறி வந்திருந்தார்.

"இந்த ஸ்கோரை ஆப் எடுக்க மாட்டேங்குது அங்கிள். ஒன்-ஜீரோன்னு பாஸ்கெட்பால்ல எவன் நம்புவான்? ரெஃபரி நடந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா மினிட்ஸ்ல ஏத்தறேன். இல்லேன்னா மேட்ச் செல்லாது. நாளைக்குக் காலையில பிக்கிள்பால் கோடு போட ஆள் வருது."

எல்லாரும் சின்னசாமியைப் பார்த்தார்கள். அவர் கையில் இருந்த ஸ்கோர் தாளை மடித்தும் பிரித்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு தடவை பார்த்துட்டேன் ஆக்னஸம்மா. நாப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்ல. இளவட்டப் பசங்க அஞ்சு பேர், இருபது நிமிஷம், ஒரு கூடைகூட இல்லைன்னா என் கண்ணு மேலயே சந்தேகமா இருக்கு. எங்கயோ ஒண்ணை விட்டிருப்பேன். தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆக்னஸ் டீச்சருக்குச் சின்னசாமியைத் தெரியும். வாசலில் நின்ற பெண்பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

"யோசிச்சுப் பார்க்கறேன். பேனா இருந்தா குடுங்க, ஒவ்வொண்ணா எழுதிப் பார்க்கணும்," என்று சின்னசாமி எங்கள் பக்கம் வந்தார். நாங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். உட்கார்ந்தால் அந்த வரிசையில்தான் உட்காருவோம். உமாசங்கர் நிமிராமல், "பேனா அங்க," என்று மைதிலி மேடத்தைக் காட்டினார். மைதிலி மேடம், "இது எழுதாது. அவங்கள்ட்ட இருக்கும்," என்று ரெக்கார்டு ரூமைக் காட்டினார். ரெ.ரூ. ஒன்று இரண்டைப் பார்த்தார். இரண்டு என்னைப் பார்த்தார். சின்னசாமி என் முன்னால் வந்து நின்றார். நான் பழக்கத்தில், "என்ன விஷயமா வந்தீங்க?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாக வரிசையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஐந்து முகத்தையும் பார்த்தார்.

"நீங்கள்லாம் செகந்திராபாத் மூணாவது மாடியா?"

"ஆமா. ஏன் கேக்கறீங்க?"

"சர்ட்டிபிகேட்ல என் பேரைச் சின்னம்மான்னு எழுதிட்டாங்க. அதை மாத்த வந்தேன்."

அவர் திரும்பிப் போய் ராகவேந்திராவின் சட்டைப் பையிலிருந்தே பேனாவை எடுத்தார். தாளில் 'நடந்தது' என்று எழுதி, பெயரை முழுதாக, ஒவ்வோர் எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டு, ஆக்னஸ் டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, ராகவேந்திரா பக்கம் திரும்பினார்.

"ஒரு கூடைகூட நான் விடல சார், எழுதிக்கோங்க. இவங்களைத் தாண்டி உள்ள போக முடியாது. பதினோரு வருஷம் அங்க நான்தான் பந்து."